துணியா, டயப்பரா? ஒரு தாய்மாமனின் லேப் ரிப்போர்ட்

போன செமஸ்டர் லீவில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அக்கா மகனுடைய டயப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்ததுதான். சிரிக்காதீங்க நண்பர்களே. மூணு வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சதுக்கு வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையே அந்த வெட்டுக்கு அப்புறம்தான் வந்தது.

கதை இதுதான். அக்காவுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை. பிரசவத்துக்கு ஈரோட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சிசேரியன். பையன். நான் தாய்மாமன் ஆகிவிட்ட சந்தோஷத்தில், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேராக மெடிக்கலுக்குப் போய் ஒரு பெரிய டயப்பர் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாய்மாமன் சீரு இதானா கண்ணு?" என்று பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். அம்மாவின் கட்சி துணி. மாமாவின் கட்சி டயப்பர். "அத்தை, நீங்க எவ்வளவு நாளைக்கு இதைத் துவைச்சிட்டே இருப்பீங்க?" என்று அவர் கேட்க, "அதெல்லாம் ஒரு வேலையா மாப்பிள்ளை, ரெண்டு பிள்ளை வளத்தாச்சு" என்று அம்மா சொல்ல, அக்கா நடுவில் தையல் வலியோடு படுத்துக்கொண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அம்மாயி (அம்மாவின் அம்மா) மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. அவர் கதை கடைசியில் வருது.

"நீ இன்ஜினியர்தானேடா, எது நல்லதுன்னு படிச்சுச் சொல்லேன்" என்றாள் அக்கா. சும்மா சொன்னதுதான். நான் சீரியஸாக எடுத்துக்கொண்டேன்.

டயப்பருக்கு உள்ளே

ஒரு டயப்பரை வெட்டினால் நாலு அடுக்கு தெரியும். குழந்தையின் தோலில் படுவது பாலிபுரோப்பிலீன் இழைகளை நெய்யாமல் சூட்டில் ஒட்டிச் செய்த மெல்லிய விரிப்பு. இது ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, கீழே கடத்திவிடும். அதற்குக் கீழே இன்னொரு விரிப்பு. குழந்தை போவது ஒரே இடத்தில் பாய்ச்சலாக வரும் இல்லையா, அதைச் சட்டென்று வாங்கி நீளவாக்கில் பரப்புவது அதன் வேலை. மூன்றாவதுதான் முக்கியமான நடுப்பகுதி. மரக்கூழ்ப் பஞ்சும், அதில் சர்க்கரை மாதிரி கலந்திருக்கும் வெள்ளைத் துகளும். கடைசி அடுக்கு பாலித்தீன் படலம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாலித்தீனில் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், கலந்து படலமாக்கி இழுக்கிறார்கள். இழுக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நுண்ணிய ஓட்டை விழுகிறது. நீராவி வெளியே போகும், நீர்த்துளி போகாது. விளம்பரத்தில் 'காற்றோட்டமான' என்று சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான்.

மேலே ஒரு மஞ்சள் கோடு இருக்கும், நனைந்தால் நீலமாகும். அதைப் பார்த்ததும் எனக்கு முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் வந்துவிட்டது. புரோமோஃபீனால் ப்ளூ மாதிரியான அமில-காரங் காட்டிதான் அது. டைட்ரேஷனில் நாம் கலர் மாறிச்சா இல்லையா என்று முழித்த அதே சங்கதி, இங்கே அரை ரூபாய்க் கோடாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த வெள்ளைத் துகள்தான் சோடியம் பாலிஅக்ரிலேட். ஒரு கிராம் எடுத்து ஒரு டம்ளரில் போட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஊற்ற, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஆகி, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதையா புள்ளைக்குக் கட்டுறாங்க?" என்று பயந்துபோனார்.

எப்படி நடக்குது? நீளமான பாலிமர் சங்கிலி. அதில் வரிசையாக எதிர்மின் கொண்ட கார்பாக்சிலேட் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு சோடியம் அயனி. உள்ளே அயனிகள் நெருக்கமாக இருக்கும், வெளியே நல்ல தண்ணீர். சவ்வூடு பரவல் அழுத்தம் தண்ணீரை உள்ளே இழுக்கும். நனைந்த சங்கிலியில் எதிர்மின் குழுக்கள் ஒன்றையொன்று தள்ள, சுருண்டிருந்தது விரியும். அப்படியே விட்டால் கரைந்தே போகும். ஆனால் சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே குறுக்குப் பிணைப்பு போட்டிருப்பதால், விரியும், கரையாது. சுத்தமான தண்ணீரில் தன் எடையைப் போல் 300 மடங்குகூடக் குடிக்கும்.

இங்கேதான் விளம்பரம் பார்த்து ஏமாறக்கூடாத இடம். சிறுநீர் நல்ல தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். வெளியிலும் அயனி இருந்தால் அழுத்த வித்தியாசம் குறைந்துவிடும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த நீரில் இதே துகள் 30 முதல் 60 மடங்குதான் எடுக்கும். நானும் செய்து பார்த்தேன். கெட்டியாக இருந்த ஜெல்லில் ஒரு ஸ்பூன் சாப்பாட்டு உப்பைப் போட்டுக் கலக்கினால், ரெண்டே நிமிஷத்தில் தண்ணீரைக் கக்கிவிட்டது. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் ஆர்.ஓ. தண்ணீரைவிட ரொம்பக் கம்மியாகத்தான் உப்பியது. கடினநீரில் இருக்கும் கால்சியம், ரெண்டு கார்பாக்சிலேட்டை ஒரே சமயத்தில் பிடித்து இறுக்கிவிடுவதுதான் காரணம். ஹாஸ்டலில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் மெஸ் உப்பைப் பயன்படுத்தலாம். சிங்க்கில் மட்டும் கொட்டாதீங்க, அடைத்துக்கொள்ளும்.

உப்பு நீரிலும் 30 மடங்கு என்பது சாதாரணம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அழுத்தினாலும் வெளியே விடாதது. நனைந்த துணியின் மேல் குழந்தை உட்கார்ந்தால் ஈரம் பிழிந்து திரும்பத் தோலுக்கு வரும். ஜெல்லில் வராது. டயப்பரின் ஒரே சாமர்த்தியம் அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

ஒரு சின்ன வரலாறு, எனக்குப் பிடித்தது என்பதற்காக. பாம்பர்ஸை உருவாக்கிய குழுவை நடத்தியவர் விக்டர் மில்ஸ், நம்ம ஆள், கெமிக்கல் இன்ஜினியர். அதை முதலில் விற்றுப் பார்த்தது 1961-ல், அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து பியோரியா நகரில். அப்போது உள்ளே ஜெல் கிடையாது, வெறும் காகிதக் கூழ். பிறகு அதே பியோரியாவில் இருந்த அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோள மாவை வைத்து 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்ற உறிஞ்சியைக் கண்டுபிடித்தார்கள். நிலத்தில் ஈரம் காப்பதுதான் அந்த ஆராய்ச்சியின் நோக்கங்களில் ஒன்று. வயலுக்கு நினைத்தது, இடுப்புக்கு வந்து சேர்ந்தது. 1980-களில்தான் ஜெல் டயப்பர் கடைக்கு வருகிறது.

பழைய வேட்டி ஏன் நல்ல வேட்டி

நான் இவ்வளவும் சொல்லி முடித்ததும் மாமா கட்சி ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அம்மா விடவில்லை. "சரி, துணியப் பத்தியும் படி."

துணி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டெக்ஸ்டைல் டிப்பார்ட்மென்ட் நண்பன் ஒருவனுக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "புதுத் துணியா, பழசா?" நான் தாய்மாமன் கடமையாக மார்க்கெட்டில் புதுசாக நாலு மீட்டர் காடாத் துணி வாங்கி வந்திருந்தேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னான். சொட்டு அப்படியே முத்து மாதிரி உருண்டு நின்றது. பழைய வேட்டியில் விட்டால், விழுந்த கணமே பரவிக் காணாமல் போனது.

காரணம் மெழுகு. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. அதோடு நெய்வதற்காகப் பாவில் கஞ்சியும் போடுவார்கள். மில்லில் காரம் சேர்த்துக் கொதிக்க வைத்தால்தான் அந்த மெழுகு போகும். காடா என்பது அந்த வேலை நடக்காத துணி. வருஷக்கணக்கில் சோப்பும் வெயிலும் பட்ட வேட்டியில் மெழுகு, கஞ்சி எதுவும் மிச்சமில்லை. இழையும் தேய்ந்து மெத்தென்று ஆகியிருக்கும். குழந்தைக்குப் பழைய துணிதான் கட்டணும் என்று பாட்டிமார் சொல்வது ஐதீகம் என்றே நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது சுத்தமான மேற்பரப்பு வேதியியல். புதுத் துணிதான் இருக்கிறது என்றால், சோப்புப் போட்டு வெந்நீரில் அஞ்சாறு முறை துவைத்துவிட்டுச் சொட்டுச் சோதனை செய்து பாருங்கள். துணி வாசனையாக, வழவழப்பாக இருக்க ஊற்றுகிறோமே அந்த லிக்விட், அதைக் குழந்தைத் துணியில் சேர்க்கவே கூடாது. அது திரும்ப ஒரு மெழுகுப் பூச்சு போடுவதுதான், உறிஞ்சாது. போர் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டாலும் சோப்பும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து துணி அட்டை மாதிரி விறைக்கும். எங்கள் வீட்டில் கடைசி அலசலை மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் செய்ய ஆரம்பித்த பிறகு அந்த விறைப்பு போனது.

பாச்சா உருண்டை

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா கொண்டுபோன துணிகள், அப்பாவின் பழைய வேட்டிகள். பீரோவின் அடித்தட்டில் ரெண்டு வருஷமாக மடித்து வைத்திருந்தவை. நர்ஸ் அக்கா ஒருத்தர் துணியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல பாச்சா உருண்டை போட்டு வெச்சிருந்தீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குக் கோபம். "சுத்தமா வெச்ச துணியப் போயி வேண்டாங்கறாங்க."

அந்த நர்ஸ் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாச்சா உருண்டை என்பது நாப்தலீன். திடப்பொருளாக இருந்தே ஆவியாகித் துணியில் ஏறிவிடும். குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பது அந்த நொதி. அது குறைவாக உள்ள குழந்தையின் உடம்பில் நாப்தலீன் போனால் சிவப்பணுக்கள் உடைந்து பிலிரூபின் ஏறும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அதைச் சமாளிக்கும் தெம்பு இருக்காது. மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதித்த குழந்தைகளும் உண்டு, உயிர் போனதும் உண்டு. எக்ஸ் குரோமோசோமில் வரும் குறைபாடு என்பதால் ஆண் குழந்தைகளுக்கு அதிகம். பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

எங்கள் பையனுக்கு அந்தக் குறைபாடு இல்லை. ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாதே. இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், குழந்தைக்கென்று எடுத்து வைக்கும் துணி, போர்வை, தொட்டில் சேலை எதிலும் நாப்தலீன் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். துவைத்தால் போய்விடும் என்று நம்பி எடுக்க வேண்டாம். வேறு துணி எடுங்கள், வேட்டிக்கா பஞ்சம்?

தோல் சிவப்பது யாரால்?

பதினைந்தாவது நாள் பையனின் தொடை இடுக்கு சிவந்துவிட்டது. "டயப்பர்தான்" என்றார் அம்மா, முந்தின ராத்திரி ஒன்று கட்டியிருந்தோம். "ஈரத் துணிதான்" என்றார் மாமா, வீடியோ காலில் இருந்துகொண்டு. ரெண்டு பேருமே பாதி சரி.

நடப்பது இதுதான். தோல் ஈரத்தில் ஊறி மெலிகிறது. மலத்தில் இருக்கும் பாக்டீரியா, சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. தோலின் இயல்பு லேசான அமிலம், 5.5 வாக்கில். அம்மோனியா அதைக் காரப் பக்கம் தள்ளும். அந்தக் காரத்தன்மையில், மலத்தில் இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகித் தோலையே செரிக்கப் பார்க்கும். ஆக, சிறுநீரும் மலமும் ஒன்றாகச் சேர்ந்து எவ்வளவு நேரம் தோலில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல டயப்பர் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கும், அது உண்மை. ஆனால் நனைந்தது தெரியாமல் போவதால் ஆறு மணி நேரம் மாற்றாமல் விடுகிறோம். துணி உடனே நனைந்து குழந்தையை அழவைக்கும், அதனால் உடனே மாற்றுகிறோம். மலம் போனால் எதுவாக இருந்தாலும் அந்த நிமிஷமே மாற்ற வேண்டியதுதான்.

டாக்டர் சொன்னது எளிமையாக இருந்தது. வெறும் தண்ணீரில் கழுவு, தேய்க்காமல் ஒத்தி எடு, கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விடு, ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவு. பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். ரெண்டு மூணு நாளில் குறையவில்லை என்றாலோ, மடிப்புக்குள் அடர் சிவப்பாகிச் சுற்றிலும் புள்ளி புள்ளியாக வந்தாலோ அது பூஞ்சையாக இருக்கலாம், கூட்டிக்கொண்டு வா என்றார். எங்களுக்கு மூணாவது நாளே சரியாகிவிட்டது.

போகிற போக்கில் ஒன்று. டயப்பர் போட்டால் கால் வளைந்துவிடும் என்று ஃபேமிலி குரூப்பில் வந்தால் நம்ப வேண்டாம். கருப்பையில் மடங்கிக் கிடந்த எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், நடக்க ஆரம்பித்து ரெண்டு வயது வாக்கில் நேராகும்.

கணக்கு

ரெண்டரை வருஷம், அதாவது 900 நாள் என்று வைத்துக்கொண்டேன். முதல் மூணு மாசம் நாளுக்கு 8, ஒரு வயது வரை 6, அதன் பிறகு 4. மொத்தம் 4,510 டயப்பர். ஒன்று 10 ரூபாய் என்றால் 45,100 ரூபாய். கடையில் விற்கிற நவீனத் துணி டயப்பர், பட்டன் வைத்தது, உள்ளே பேட் சொருகுவது, ஒன்று 500 ரூபாய் என்று 20 வாங்கினால் 10,000. அப்பாவின் வேட்டி இலவசம்.

பணத்தில் துணி ஜெயித்தது. தண்ணீர்? அம்மா துவைப்பதைப் பார்த்து எண்ணினேன். 16 லிட்டர் பக்கெட்டில் நாளுக்கு நாலு, 64 லிட்டர். நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள் என்று சிவில் பசங்களுக்குத் தெரியும். அதில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி. ஈரோட்டில் இது பிரச்சினையே இல்லை, முதல் அலசல் தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகிறது. சென்னையில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற அக்காவின் ஃப்ளாட்டில் இது பெரிய விஷயம்.

அடுத்து கார்பன். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். ஒரு குழந்தையின் ரெண்டரை வருஷத்துக்கு டயப்பர் என்றால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், துணி என்றால் சுமார் 570 கிலோ. துணி தோற்றுவிட்டது! "பாத்தீங்களா அத்தை" என்று மாமா குதித்தார். ஆனால் ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்கணும். அந்த 570 எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வாஷிங் மெஷினில் தண்ணீரைச் சூடாக்குவதும், டிரையரில் காயவைப்பதும். மெஷினை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, அதே துணியை ரெண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் 40 சதவீதம் குறைகிறது என்று அதே ரிப்போர்ட் சொல்கிறது. 2023-ல் அந்நாட்டு அரசு வெளியிட்ட புது மதிப்பீட்டில் துணி 25 சதவீதம் முன்னால் வந்துவிட்டது. நம் வீட்டில் டிரையர் எங்கே இருக்கு? ஈரோட்டு வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் ஒரு மணி நேரத்தில் முறுகிவிடும். துணியும் ஏற்கெனவே பத்து வருஷம் உடுத்தி முடித்தது. இந்தக் கணக்கில் அம்மாவை இங்கிலாந்து ரிப்போர்ட் வைத்து மடக்க முடியாது. எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விடை என்று நம் சார் கத்தினது அப்போதுதான் புரிந்தது.

குப்பைக் கணக்கில் பேச்சே இல்லை. சமையல் தராசில் பத்து டயப்பர் எடை போட்டேன் (அந்தத் தராசு இப்போது வேறு, பழசை அம்மா தூக்கிப் போட்டுவிட்டார்). சராசரி 140 கிராம். 4,510 டயப்பர் என்றால் 630 கிலோ. அதில் பிளாஸ்டிக்கும் பாலிமரும் நம் காலத்தில் மக்காது. சென்னையில் என்றால் பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போய்ச் சேரும். ஜப்பானில் ஷிபுஷி நகரில் யூனிசார்ம் நிறுவனம் பயன்படுத்திய டயப்பரைத் தனியாகச் சேகரித்து, கூழை ஓசோனால் சுத்தம் செய்து மறுபடி எடுக்கிறது. நம் பக்கம் தெருநாய்தான் சேகரிக்கிறது. 2016-ன் திடக்கழிவு விதிகள், டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கட்டித்தான் போடணும், அதற்கான பையைத் தயாரிப்பாளரே தரணும் என்றது. எங்கள் பாக்கெட்டில் பையைத் தேடினேன், இல்லை. மலத்தை முதலில் டாய்லெட்டில் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு அடையாளம் போட்டுக் கொடுங்கள். அதைக் கையால் பிரிக்கப்போவது ஒரு மனுஷி. டயப்பரையே டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்யும் ஆசாமிகளுக்கு, மேலே சொன்ன 30 மடங்கு ஞாபகம் இருக்கட்டும்.

ரிப்போர்ட்டில் இல்லாத வரி

இவ்வளவும் எக்செல்லில் போட்டு, துணிதான் என்று தீர்ப்பு எழுதி அக்காவிடம் காட்டினேன். அவள் முழுசாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துவைக்கிறது யாருன்னு ஒரு காலம் இல்லையேடா?"

அம்மாவுக்கு முட்டி வலி. துவைக்கிற கல்லிடம் குனிந்து நிமிர்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன், எண்ணியது பக்கெட்டைத்தான். மறுநாளிலிருந்து ஒரு வாரம் நான் துவைத்தேன். மலத் துணியைத் தனியாக அலசி, ஊறவைத்து, சோப்புப் போட்டு, மூணு தண்ணீர் அலசி, பிழிந்து, மாடி ஏறிக் காயப்போட்டு, மடித்து வைக்க, நாளுக்கு 50 நிமிஷம். சரியாக ஒரு பீரியட். 900 நாளுக்கு 900 பீரியட். மூணு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 பீரியட் என்றால் இருபது பாடம். வீட்டில் ஒருத்தர் சத்தமில்லாமல் அரை டிகிரி படித்து முடிக்கிற நேரம் அது. மூணாவது நாளே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தைலத்தை எடுத்துக் கொடுத்தார்.

சட்டப்படி அக்காவுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு. அது முடிந்தால் சென்னை, ஆபீஸ். அங்கே அம்மாவும் இல்லை, கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. எக்செல்லில் 'நேரம்' என்று ஒரு காலமும், 'யார்' என்று ஒரு காலமும் சேர்த்தேன். சேர்த்ததும் 'ஈரோடு', 'சென்னை' என்று ஷீட்டை ரெண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரே விடை வரவில்லை.

அம்மாயி கட்சி

இந்த நேரத்தில் அம்மாயி செய்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. காலையில் பால் குடித்ததும் பையனை வாங்கிக்கொள்வார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ரெண்டு பாதத்துக்கும் நடுவே குழந்தையை உட்கார வைத்து, முதுகைக் கையால் தாங்கிக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். பாதி நாள் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். துணியும் மிச்சம், டயப்பரும் மிச்சம்.

"எப்படி அம்மாயி வரும்னு தெரியுது?"

"குடிச்ச உடனே வயிறு தள்ளும் கண்ணு. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? எங்க காலத்துல தறிக்குப் போறவளுக்கு துவைக்க ஏது நேரம். புள்ளைய உக்கார வெச்சுப் பழக்கோணும்."

வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு, பிறந்த குழந்தைகளில் அது பலமாக இருக்கும். அம்மாயி அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் நாள் பூரா மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேணுமே. அந்த ஆளும் அந்தக் காலத்தில் அம்மாயியின் மாமியார்தானாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் வீடு ஒத்துக்கொண்டது இது. ஈரோட்டில் இருக்கிறவரை பகலில் துணி, காலையில் அம்மாயி டியூட்டி, ராத்திரிக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் டயப்பர். துவைப்பது அம்மா மட்டும் இல்லை, நான் லீவில் இருந்தவரை நான், பிறகு அப்பா. அப்பா துவைக்கிறார் என்பதைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சென்னைக்குப் போனதும் தலைகீழ்: வேலை நாளில் டயப்பர், சனி ஞாயிறு வீட்டில் மாமா துவைக்கும் துணி. பட்டன் வைத்த துணி டயப்பர் ஆறு வாங்கிக் கொடுத்தேன், இந்த முறை சீரை அம்மா பரணில் போடவில்லை. எக்செல்லில் போட்டுப் பார்த்தால் மொத்த டயப்பர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பாதி குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை.

பையனுக்கு இப்போது எட்டு மாசம். போன வாரம் மாமா போன் பண்ணினார். துணி டயப்பர் ரெண்டு மாசமாகச் சரியாக உறிஞ்சவில்லையாம், ஒழுகுகிறதாம். "என்ன மாப்ள, உன் ப்ராடக்ட் ஃபெயில் ஆயிடுச்சு" என்றார்.

"மாமா, துவைக்கும்போது கடைசியா வாசனைக்கு ஒரு லிக்விட் ஊத்தறீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதை ஊத்தக் கூடாதா?"

வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு நாலு தடவை துவைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.